சூரபத்மன் கதை தலை வெட்டோடு முடியவில்லை

சிக்கல் என்ற ஊரில் வேல் வாங்கிய முருகன் சூரபத்மனின் தலையை வெட்டி அழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அண்ணே. வேல் வாங்கியது வரை சரி. முடிவு மட்டும் கந்தபுராணத்தில் வேறு.

சூரனின் தம்பிகள் தாரகனும் சிங்கமுகனும் போரில் மாண்டார்கள், மகன் பானுகோபனும் போனான். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று சிங்கமுகனே எடுத்துச் சொல்லியும் சூரன் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவனைக் கடைசியில் தனியாளாக நிறுத்தியது. படிக்கும்போது மனம் கனக்கும். கடலில் மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தது. இரு கூறும் சேவலும் மயிலுமாகச் சீறி வந்தன. முருகன் அருளோடு பார்த்ததும் பகை தணிந்தது. சேவல் கொடியானது, மயில் வாகனமானது. அவனை அழிக்கவில்லை, ஆட்கொண்டார்.

சந்தேகம் இருந்தால் கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் நூலில் யுத்த காண்டம், சூரபன்மன் வதைப் படலத்தைப் புரட்டிப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களைத் தரும் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தலைப்பில் 'வதை' என்று இருப்பதால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், கடைசிப் பாடல்கள் வரை போங்கள். அப்புறம் நம்ம ஊர்ச் சூரசம்ஹாரத்தில் சூரன் பொம்மைக்குத் தலை மாற்றி மாட்டுவதோடு கிளம்பிவிடாமல், மாங்கொப்பும் சேவலும் வரும்வரை நின்று பாருங்கள்.