கால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்

வில்லோ வார்ப்ளரும் சிஃப்சாஃபும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் குட்டிப் பறவைகள். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவில் எடுத்த அப்படியொரு பறவையின் படத்துக்குக் கீழே, "கால் வெளிர் நிறம் என்றால் வில்லோ வார்ப்ளர், கறுப்பு என்றால் சிஃப்சாஃப், அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் சரிவரும், ஆனால் முடிவான அடையாளம் இல்லை. கால் கறுத்த வில்லோ வார்ப்ளர்களும் உண்டு. வெயில் பட்டால் பழுப்புக் காலும் வெளுத்துத் தெரியும்.

இறக்கையைப் பாருங்கள். மடக்கிய நிலையில், உடலை ஒட்டிய உள் இறகுகளைத் தாண்டி முதன்மை இறகுகளின் (இறக்கையின் வெளிப்புற நீண்ட இறகுகள்) நுனி எவ்வளவு நீள்கிறது? வில்லோ வார்ப்ளருக்கு அது நீளம். சகாராவுக்குத் தெற்கே வரை பறக்கிற இறக்கை அது. சிஃப்சாஃபுக்குக் குட்டை. படத்தில் அந்த நுனி நன்றாக நீண்டிருக்கிறது, அதனால் காலின் நிறம் எப்படியிருந்தாலும் என் கணிப்பு வில்லோ வார்ப்ளர்தான்.

அப்புறம், நேரில் பார்த்தவர் வாலைக் கவனித்தாரா? சிஃப்சாஃப் இரை தேடும்போது வாலைத் திரும்பத் திரும்பக் கீழே அசைத்துக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் பாட்டைக் கேட்டால் குழப்பமே இல்லை: ஒன்று தன் பெயரையே 'சிஃப் சாஃப்' என்று சொல்லும், மற்றது இறங்கி இறங்கித் தேயும் ராகம்.

தயவுசெய்து படத்துக்காகப் பக்கத்தில் போய் விரட்டாதீர்கள். சுமார் பத்து கிராமே உள்ள பறவை, கடலைத் தாண்டிக் களைத்து வந்து இரை தேடுகிறது.