கம்யூனிட்டி காலேஜ் கெமிஸ்ட்ரி: இரண்டு வருடம் எங்கே மூன்றாகிறது?

கலிபோர்னியாவில் நம்மவர் வீடுகளில் பிள்ளை கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) என்றால் "ஓ... அங்கேயா?" என்று ஒரு இழுப்பு வரும். மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு) 46 டாலர். ஐந்து யூனிட் ஜெனரல் கெமிஸ்ட்ரி 230 டாலரில் முடிந்துவிடும். இதில் இழுக்க என்ன இருக்கிறது? ஆனால் "ரெண்டே வருஷம், அப்புறம் யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாறிடலாம்" என்று கெமிஸ்ட்ரி பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு பாடம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு பாடம். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. மொத்தம் நான்கு செமஸ்டர், நடுவில் மூச்சுவிட இடமில்லை. முதல் செமஸ்டரில் அறிமுகக் கெமிஸ்ட்ரியில் உட்கார நேர்ந்தால் அங்கேயே ஒரு செமஸ்டர் போச்சு. சிறிய கல்லூரிகளில் இரண்டாம் ஆர்கானிக் வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே நடக்கலாம். தவறினால் ஒரு வருடம். கால்குலஸையும் முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும், அது இல்லாமல் பிசிக்ஸுக்குள் விடமாட்டார்கள். பலர் செய்யும் தப்பு, பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு சயின்ஸைத் தள்ளிப்போடுவது. வரலாறும் ஆங்கிலமும் எந்த செமஸ்டரிலும் கிடைக்கும், ஆர்கானிக் லேப் சீட் கிடைக்காது.

சேரும் முன்பே, எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் கல்லூரி, போக வேண்டிய பல்கலைக்கழகம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆர்கானிக்கும் சேர்ந்து ஒரே தொகுதியாகக் காட்டினால் இரண்டையும் ஒரே இடத்தில் முடியுங்கள். பாதியில் மாறினால் முதலாவதையே திரும்பப் படிக்க நேரலாம். டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு யூசி வளாகங்களில் இடத்துக்கு உறுதி தரும் டேக் திட்டம் உண்டு, அதற்கு விண்ணப்பம் செப்டம்பரில். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் கிடையாது.

லேபை மார்க்குக்கான சடங்காக நினைக்காதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு 0.1 மோலார் கரைசல் என்று எழுதிவிட முடியாது. அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கேஎச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) என்ற, துல்லியமாக எடைபோடக்கூடிய அமில உப்போடு டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கிறோம்: சுமார் 0.51 கிராம் எடுத்தால் 25 மில்லி அளவில் முடியும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு நடுவில் வெளியேறினால் அந்த இடமும் நீங்கள் ஊற்றிய அளவில் சேர்ந்துவிடும், செறிவு குறைவாக வரும். தப்பான எண்ணை வெள்ளை மையால் மறைக்காமல் ஒரே கோட்டால் அடித்து, கையெழுத்தும் தேதியும் போடும் பழக்கம் இங்கேயே வரட்டும். மருந்துத் தொழிற்சாலை க்யூசி (தரக் கட்டுப்பாடு) லேபில் அது கட்டாயம்.

வேலை என்று வந்தால், இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்குத் திறக்கும் கதவு டெக்னீஷியன்: உணவு, பெயின்ட், தண்ணீர் பரிசோதனை, மருந்து க்யூசி. பெரும்பாலும் ஏஜென்சி வழியாக ஒப்பந்த வேலையில்தான் தொடக்கம். கெமிஸ்ட் என்ற பதவிக்கு நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள். ஓஷன்சைடில் உள்ள மிராகோஸ்டா காலேஜ் பயோமேனுஃபேக்சரிங்கில் நான்கு வருடப் பட்டமே தருகிறது, பலருக்கு இது தெரியாது.

ஃபெடரல் அரசில் கெமிஸ்ட் ஆக 30 செமஸ்டர் யூனிட் கெமிஸ்ட்ரி வேண்டும், கால்குலஸும் 6 யூனிட் பிசிக்ஸும் தனி. ஐந்து யூனிட்டாக நான்கு பாடம் என்றால் அந்த முப்பதில் இருபது, யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது.