கீமோ போர்ட் வைத்தவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா? வாட்ஸ்அப் செய்தியும் உண்மையும்

கீமோ போர்ட் என்பது புற்றுநோய் மருந்தைச் செலுத்த மார்பில் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி; அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சிரைக்குள் செல்லும். "கீமோ போர்ட் வைத்தவர்கள் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, நடைப்பயிற்சிகூட ஆபத்து, குழாய் நழுவி இதயத்துக்குள் போய்விடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

குழாயின் நுனி, இதயத்துக்குள் நுழையும் பெரிய சிரையின் முனையில்தான் ஆரம்பத்திலிருந்தே வைக்கப்படுகிறது. நடப்பதால் அது இடம்பெயர்வதில்லை.

தையல் ஆறும்வரை, பொதுவாக ஓரிரு வாரம், 4-5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தலைவாருவது போன்ற மெதுவான அசைவு தேவை. புண் ஆறியபின் நடை, சைக்கிள், லேசான எடை எல்லாம் செய்யலாம். போர்ட்டில் ஊசி குத்தியிருக்கும்போது நீச்சல் கூடாது. கபடி, குத்துச்சண்டை போல மார்பில் அடிபடும் விளையாட்டுகளும் வேண்டாம்.

பயத்துக்கு ஒரு சிறு அடிப்படை உண்டு. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே குழாய் செல்பவர்களுக்கு, தோளை இழுக்கும் கடும் பயிற்சியில் அது நசுங்கலாம். அரிதாக உடையவும் கூடும். கையைத் தூக்கினால்தான் மருந்து இறங்குகிறது என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கை, கழுத்து வீக்கம், போர்ட் மேல் சிவப்பு, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் பயிற்சியை விட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

சிகிச்சைக் காலத்திலேயே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டி. உங்கள் போர்ட்டுடன் தந்த கையேட்டையும் பாருங்கள். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.