பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?
ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்றால் எல்இடி பல்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று கார் ஹெட்லைட் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஹை பீம், லோ பீம் இரண்டையும் ஒரே பல்பில் தரும் ஹாலஜன் எச்4 பல்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். வழக்கமாக ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55. லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு. ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைத்து, எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அதுதான். இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரையே வடிவமைக்கிறார்கள். எல்இடி பல்பில் ஒளி வரும் இடம் அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் ஒளி கண்டபடி சிதறும்.

நானும் ஏமாந்தவன்தான். எல்இடி பல்புக்கு மாற்றிய அன்று இரவு எதிரே வந்தவர்கள் எல்லாம் டிம், பிரைட் அடித்துக் காட்டினார்கள். சுவரில் அடித்துப் பார்த்தேன்: லோ பீமின் மேல் விளிம்பில் தெளிவாகத் தெரிய வேண்டிய கோடே இல்லை! மறுநாளே பழைய பல்புக்குத் திரும்பினேன்.

வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் ஹெட்லைட்டின் கண்ணாடி மங்கியிருக்கிறதா, லைட்டின் கோணம் சரியா என்று பாருங்கள். பின்னால் பாரம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், லோ பீமும் ஹை பீம் ஆகிவிடும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை இருக்கும் அந்தத் திருகு சக்கரம் லைட்டின் கோணத்தை இறக்கத்தான். பலர் அதைத் தொட்டதே இல்லை. அப்புறம், மூடுபனியில் ஹை பீம் வேண்டவே வேண்டாம், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.