பொருளியல் பட்டமும் தண்டல் கணக்கும்

கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தாலே தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வர ஆரம்பித்துவிடும். "பையனுக்கு பி.காம். கிடைக்கலைம்மா, எகனாமிக்ஸ்தான் கிடைச்சிருக்கு. சேத்துடலாமா, அடுத்த கவுன்சிலிங் வரைக்கும் பாக்கலாமா?" தாராளமாகச் சேருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் வகுப்பில் கொடுக்கிற நோட்ஸை மட்டும் மூன்று வருடம் படித்துவிட்டு வெளியே வந்தால் அந்தப் பட்டம் பிள்ளைக்குக் கை கொடுக்காது. கணக்கும் வேண்டும், தெருவில் இறங்கி மனிதர்களிடம் கேட்டு எழுதுகிற பழக்கமும் வேண்டும். சென்னையில் பி.ஏ. பொருளியல் படிக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

நான் இதே ஊரில் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் பொருளியல் படித்தவள். இப்போது வீடு வீடாகப் போய் வரவு, செலவு, கடன், வேலை பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிற கணக்கெடுப்பு வேலையில் இருக்கிறேன். புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருவேன். ஒரு பொருளை நுகர நுகர அதில் கிடைக்கிற கூடுதல் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்கிற குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைக் கேட்டால், பொருளியலாளர் மார்ஷல் பெயரோடு, அனுமானங்களோடு, விதிவிலக்குகளோடு ஒப்பிப்பார்கள். அப்புறம் நான் தண்டல் கணக்கு ஒன்று கொடுப்பேன்.

சென்னைக்காரர்களுக்குத் தண்டல் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிற கடன். கோயம்பேட்டில் விடியற்காலையில் பூ எடுத்துவந்து தெருவில் கட்டி விற்கிற ஓர் அக்கா 10,000 ரூபாய் தண்டல் எடுக்கிறார். கையில் வருவது 9,000. ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தினமும் சாயங்காலம் ஆள் வருவார், 100 ரூபாய் வாங்கிக்கொண்டு சின்ன அட்டையில் குறித்துவிட்டுப் போவார். 100 நாளில் கடன் தீர்ந்தது. வட்டி எவ்வளவு?

"பத்து பர்சென்ட் மேடம்." அநேகமாக எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் கூர்மையான பிள்ளை, கையில் வந்தது ஒன்பதாயிரம்தானே என்று யோசித்து 11 சதவீதம் என்று திருத்தும். ஆனால் அந்த 9,000 ரூபாய் 100 நாளும் அக்காவிடம் இருப்பதில்லையே! முதல் நாளே 100 போய்விடுகிறது, மறுநாள் இன்னொரு 100. ஐம்பதாவது நாளில் பாக்கிக் கடன் ஏறத்தாழப் பாதிதான். சராசரியாகப் பார்த்தால் 4,500 ரூபாயைச் சுற்றிய ஒரு தொகையை 100 நாள் வைத்திருந்ததற்கு 1,000 ரூபாய் வட்டி. ஒரு வருடத்துக்கு நீட்டினால் ஏறத்தாழ 81 சதவீதம் வருகிறது. ஒவ்வொரு நாள் தவணையையும் கடன் வாங்கிய நாளின் மதிப்புக்குக் கொண்டுவந்து சரியாகப் போட்டால் 78 சதவீதம் வரும். அதுவும் கூட்டு வட்டி சேர்க்காமல். சேர்த்தால் நூறையும் தாண்டிவிடும்.

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை, பெருக்குத் தொடர் (1, 2, 4, 8 போல ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போகிற எண்களின் கூட்டல்) தெரிந்தால் போதும். பட்டம் வாங்கிய பிள்ளைக்கு இது வரவில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமில்லை. மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவர்களிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கணக்கோடு விஷயம் முடியவும் இல்லை. 78 சதவீத வட்டிக்கு ஏன் அந்த அக்கா கடன் வாங்குகிறார்? விவரம் தெரியாதவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அப்படி இல்லை என்று புரியும். காலையில் போட்ட முதலீடு ராத்திரிக்குள் திரும்பி வந்துவிடுகிறது. அந்த முதலீட்டில் கிடைக்கிற தினசரி லாபம் தினசரி வட்டியைவிடப் பல மடங்கு. தண்டல்காரர் கடைக்கே வருகிறார், காகிதம் கேட்பதில்லை, கேட்ட அன்றே பணம் தருகிறார். சாலையோர வியாபாரிகளுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் ஆரம்பத்தில் இதே 10,000 ரூபாயாகத்தான் இருந்தது, 2025-ல் 15,000 ஆனது; வட்டியில் 7 சதவீதம் மானியமாகவும் உண்டு. ஆனால் வங்கிக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் வியாபாரம் போகும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று ராத்திரியே பணம் தர வங்கியால் முடியாது. பிணை (கடனுக்கு ஈடு), தகவல் இடைவெளி (வாங்குபவரைப் பற்றிக் கொடுப்பவருக்குத் தெரியாதது), பரிவர்த்தனைச் செலவு (கடன் வாங்க அலைகிற செலவு) என்று புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருப்பதெல்லாம் அந்தப் பூக்கூடை பக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. நேரில் பார்த்த பிள்ளைக்கு அந்த அத்தியாயங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இதையெல்லாம் வெளிநாட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில்தான் இது நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-ல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் கிராமத்தைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று அந்தப் பிள்ளைகள் எழுதி வந்தார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலி கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் கணக்கு அப்படித்தான் 1918-ல் அச்சானது. 1930-களில் பி.ஜே. தாமஸ் தலைமையில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். பிற்பாடும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே கிராமம் நூறு வருடத்தில் எப்படி மாறியது என்று சொல்ல இன்று நம்மிடம் ஆதாரம் இருக்கிறதென்றால், அதற்கு அஸ்திவாரம் போட்டது சென்னை மாணவர்களின் விடுமுறைக் கணக்கு.

இன்று கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பல, போன வருடத்து அண்ணன்களுடையதை வாங்கி ஊர் பெயரை மாற்றி, கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறவைதான். கையெழுத்துப் போடுகிற ஆசிரியருக்கும் தெரியும். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஒரே வகுப்பில் அறுபது எழுபது பேர், துறையில் பாதிப் பேர் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிற கௌரவ விரிவுரையாளர்கள், பருவத்துக்குப் பருவம் துரத்துகிற தேர்வு. இதற்கு நடுவே எழுபது பிள்ளைகளைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு யார் கூட்டிப் போவது? ஆனால் எழுபது பேரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லையே. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தடைக்கு முன், தடைக்காலத்தில், தடை முடிந்த பிறகு என்று வஞ்சிரமும் மத்தியும் என்ன விலைக்குப் போகின்றன என்று நாலைந்து பேர் குறித்துவந்தால் போதும். அளிப்பு குறைந்தால் எந்த மீன் எவ்வளவு ஏறுகிறது என்பதை மொத்த வகுப்பும் சொந்தக் கணக்கில் பார்த்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. பணவீக்கத்தை அளக்கிற நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், நகர்ப்புறத்துக்கு உணவு, பானங்களின் எடை (மொத்தச் செலவில் பங்கு) நூற்றுக்கு 36.29 ஆக இருந்தது. வீட்டுவசதிக்கு 21.67. உங்கள் அம்மாவின் ஒரு மாதச் செலவை எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பமும் அண்ணா நகரில் சொந்த வீட்டில் இருக்கிற குடும்பமும் ஒரே பணவீக்கத்தை ஏன் ஒரே மாதிரி உணர்வதில்லை என்று அந்த ஒரு காகிதம் சொல்லிவிடும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எனக்கு மனம் ஆறாத விஷயம் இதுதான். பி.ஏ. பொருளியலில் சேருகிறவர்களில் பெரும்பகுதி பிளஸ் டூவில் கணக்கு எடுக்காத பிள்ளைகள். மேல்நிலைப் பொருளியல் புத்தகத்தில் 11-ஆம் வகுப்பில் கணித முறைகளுக்கு ஒரு பாடம் உண்டு, 12-இல் புள்ளியியலுக்கும் பொருளாதார அளவையியலுக்கும் ஒரு பாடம் உண்டு. இரண்டுமே கடைசிப் பாடம். கடைசிப் பாடத்தின் கதி என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். கல்லூரியிலும் இறுதிநிலைச் செலவை (கூடுதலாக ஒன்று உற்பத்தி செய்ய ஆகிற செலவை) வரைபடமாக வரையச் சொல்லித் தருகிறார்கள், அது ஒரு வகைக்கெழு, அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று மாறுகிற வீதம், என்பதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பயப்படுவார்களாம்.

பயம் காட்டாமல் விட்டதன் விலை மூன்று வருடம் கழித்துத் தெரிகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பொருளியல் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போனால் நுண்கணிதமும் நிகழ்தகவும் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. அடையாறில் பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டும் மாநகரப் பேருந்தில் போகிற தூரம். இந்த ஊரிலேயே பொருளியல் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இரண்டின் பெயரையும் நேர்காணலில் என்னிடம்தான் முதல்முறை கேட்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி, தமிழ்வழி, கணக்கு இல்லாத குரூப். இப்படி வருகிற பிள்ளைக்குத்தான் எல்லாக் கதவும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ டியூஷன் வைத்துத் தேறிவிடுகிறது.

முதல் பருவத்திலேயே அடிப்படைக் கணக்குக்கு என்று தனியாக வாரம் நாலு மணி நேரம், தமிழிலேயே, தேர்வு மார்க் இல்லாமல். மூன்றாம் பருவத்தில் கடையோ சந்தையோ தெருவோ, ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கெடுப்பு. இந்த இரண்டுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். பாடத்திட்டக் குழுவில் இருக்கிற பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு: 11-ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகம் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வகையிடலின் பயன்பாடுகள் பற்றிய பாடத்தில் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது), இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் எல்லாம் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கல்லூரி திறப்பதற்குள் அதற்கு முந்தைய பாடத்தையும் சேர்த்து முடித்துவிடுங்கள். நடுவில் எங்கே சிக்கினாலும் அந்தக் கணக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.