அடக்க ஆராதனை முடிந்த பிறகு

எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு சாவு என்றால் ஆளுக்குக் குறைவே இருக்காது. கோயில் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிடும். பந்தல், காப்பி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது என எல்லாவற்றையும் சபையாரே பார்த்துக்கொள்வார்கள். இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுப் படியேறுவது யார்?

கேட்டால், "ஐயர் வந்து ஜெபம் பண்ணினாரே" என்று போதகரைக் காட்டுகிறோம். ஒரு போதகர் பார்க்கிற சேகரத்துக்குள் பல ஊர்கள். திருவிருந்து, கல்யாணம், கமிட்டி, பள்ளிக்கூட விவகாரம் எல்லாம் அவர் ஒருவர் தலையில். எத்தனை வீட்டில் அவரால் போய் உட்கார முடியும்?

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவி பகிர்வதில், விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் சபையாரைக் கூப்பிட்டு, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நம் ஊர்களிலும் இது புதிதல்ல. 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உருவானதே விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, கைப்பிடி அரிசிக் காணிக்கை கொடுத்துச் சபையைத் தாங்கியவர்கள் நம் பாட்டிமார். கத்தோலிக்கர்கள் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களை அன்பியமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நாமும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகன் குடிக்கிறான், மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஒரு தாய் ஜெபக்கூட்டத்தில் மனம் விட்டுச் சொல்கிறாள். மறுநாள் அது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அப்புறம் அவள் வாயே திறக்கமாட்டாள், கூட்டத்துக்கும் வரமாட்டாள். பின்வாங்கிப்போனாள் என்று அதற்கும் நாமே பேர் வைப்போம். இது எனக்குத் தாங்க முடியாத வேதனை. கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவரை வீடு சந்திப்புக்கு அனுப்பவே கூடாது.

தெருவுக்கு இரண்டு பேர் போதும். வசனம் வாசித்து ஜெபித்துவிட்டு எழுந்துவிடாமல் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். கணவரை இழந்த அக்காவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குத் துணை தேவைப்படும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவருக்கு மாத்திரை வாங்கிவர ஆள் வேண்டும். சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்ஸ்கள், அரசு ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வருகிற கமிட்டியில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். எங்கள் தெருவுக்கு என் பெயரையும் சேர்த்தே கொடுக்கிறேன்.