கைப்பிடி கழன்ற பாத்திரம்

ஒடுக்குமுறை நிறைந்த கொடுங்கற்பனை உலகைக் காட்டும் டிஸ்டோப்பியா நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே கண்காணிப்புத் திரையும் ரகசியப் போலீசும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அவற்றைவிட அச்சமூட்டுவது, கீழே இருப்பவர்களின் கோபம் மேலே ஏறிவிடாமல் பக்கத்தில் நிற்பவர்மீதே பாயும்படி செய்துவைத்திருக்கும் ஏற்பாடு.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினர் 'ப்ரோல்கள்' எனப்படும் உழைக்கும் மக்கள். விடிவு என்று ஒன்று வந்தால் அது இவர்களால்தான் வரும் என்று நம்பும் நாயகன் வின்ஸ்டன், ஆளும் கட்சியின் ஊழியன், ஒருநாள் தெருவில் நூற்றுக்கணக்கான பெண்களின் கூச்சலைக் கேட்டு, கலகம் வெடித்துவிட்டது என்று நெஞ்சு துடிக்கப் போய்ப் பார்க்கிறான். அங்கே தகரப் பாத்திரங்களுக்கு அடிதடி நடக்கிறது. சரக்குத் தீர்ந்துபோன நிலையில் இரண்டு பெண்கள் ஒரே பாத்திரத்தைப் பற்றி இழுக்க, கைப்பிடி கழன்று வருகிறது. முக்கியமான விஷயத்துக்கு இவர்கள் ஏன் இப்படிக் கத்துவதில்லை என்று அவன் சலித்துக்கொள்கிறான். அந்தச் சலிப்பு எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் உறுத்துகிறது. உலை வைக்கப் பாத்திரம் இல்லாதவளுக்குப் பாத்திரம் முக்கியமில்லையா? கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனின் பார்வை அது.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1925-26இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர். 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட மனிதப் பிரிவுகளைக் குறிக்க 'சாதி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே அவர் கையாள்கிறார். ஆக்சிஜனைக் குறைத்துக் கருவிலேயே அடிமைகளை வார்ப்பதைவிட, தூங்கும் பீட்டா குழந்தைகளின் தலையணைக்கு அடியிலிருந்து ஒலிக்கும் பாடம்தான் என்னைக் கலங்கடித்தது. ஆல்ஃபாக்களுக்கு வேலைப்பளு அதிகம், காமாக்கள் மூடர்கள், டெல்டாக்களோடு விளையாட மாட்டேன் என்று அந்தப் பாடம் 120 முறை வீதம், வாரத்தில் மூன்று நாள், 30 மாதங்களுக்கு ஓதப்படுகிறது. மேலே இருப்பவர்மீது பொறாமையும் எழாது, கீழே இருப்பவர்மீது இரக்கமும் எழாது. சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது.

சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) பதின்பருவத்தினருக்கான கதை என்று ஒதுக்கப்படுவதை நான் ஏற்பதில்லை. ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய விளையாட்டுக்குச் சிறார்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது வெளிப்பார்வைக்குப் பாரபட்சமற்றதுதான். ஆனால் ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், பிள்ளையின் பெயரை இன்னொரு முறை குலுக்கலில் சேர்க்க வேண்டும். சேர்ந்த சீட்டுகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடரும். அப்படித்தான் 16 வயது நாயகி காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளிலும், அவளுடைய நண்பன் 18 வயது கேலின் பெயர் 42 சீட்டுகளிலும் இருக்கின்றன. குலுக்கல் நாளன்று மேயர் வீட்டின் பின்வாசலில் காட்னிஸோடு ஸ்ட்ராபெர்ரி விற்கப் போன கேல், புத்தாடையில் தங்க ஊசி குத்தி நிற்கும் மேயர் மகளிடம் சீறுகிறான்: உனக்கு எத்தனை சீட்டு, ஐந்தா? எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு.

கணக்கில் பிழையில்லை. ஆனால் சட்டம் போட்ட தலைநகரம் எங்கோ தொலைவில் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள் அந்தப் பெண். அவள் பெயரும் அதே குலுக்கலில்தான் இருக்கிறது. பழத்துக்கான காசைக் காட்னிஸின் கையில் வைத்து, நல்லது நடக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.